வரம்பில் நின்று சொன்ன பதில்

கேள்வி: ஐயா, நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் விவசாயப் போதனாசிரியராக இருக்கிறேன். சொந்த இடம் யாழ்ப்பாணம் ரவுன். வீட்டில் வயல் இல்லை. டிப்ளோமா முடித்து நேரே இங்கே நியமனம், எட்டு மாதம் ஆகிறது. மார்கழிக் கடைசியில் ஒரு கமக்காரர் என்னை வழியில் மறித்து, "வயலுக்குள்ள அங்கங்க மஞ்சளடிக்குது மிஸ், என்ன செய்யிறது?" என்று கேட்டார். பக்கத்தில் நாலைந்து பேர் நின்றார்கள். தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. நைதரசன் குறைவு, யூரியா போடுங்கோ என்றேன். போட்டார். மூன்று கிழமைக்குள் நாலு ஏக்கரில் ஒன்றரை ஏக்கர் அளவு வட்டம் வட்டமாக எரிந்துவிட்டது. அறக்கொட்டியான், தண்டில் சாறு குடிக்கிற தத்திப் பூச்சி. அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கமக்கார அமைப்புக் கூட்டத்தில் இன்னொருவர்தான் "மிஸ் சொல்லித்தானே போட்டவர்" என்றார். அன்றிலிருந்து எதைக் கேட்டாலும் "பார்ப்பம்" என்று சொல்லித் தப்பிக்கொண்டிருக்கிறேன். அவருடைய வயல் இருக்கிற றோட்டால் போவதையும் விட்டுவிட்டேன். அலுவலகத்தில் மூத்தவர் ஒருவர், "உத்தியோகத்தர் தெரியாது என்று சொல்லக் கூடாது, பொதுவாக ஏதாவது சொல்லிவிட்டு வரவேணும்" என்கிறார். தெரியாது என்று சொன்னால் இந்தச் சனம் என்னை மதிக்குமா? அந்தக் கமக்காரருக்கு யூரியாக் காசைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா? பெயர் வேண்டாம்.

பதில்:

பிள்ளை, மதிப்பு மரியாதையைப் பிறகு பார்க்கலாம். முதலில் அந்த ஒன்றரை ஏக்கர்.

உங்கள் யூரியா அறக்கொட்டியானைக் கூட்டிக்கொண்டு வரவில்லை. அது ஏற்கெனவே அங்கே இருந்திருக்கும். மார்கழி மழை, மப்பு, வடியாமல் நிற்கும் தண்ணீர், நெருக்கமான பயிர், இத்தனையும் அதற்குப் பிடித்தவை. ஏக்கருக்கு இரண்டு புசல் விதைநெல் போதும் என்பது சிபாரிசு. எங்கள் பக்கத்தில் மூன்று புசலுக்குக் குறைய வீசினால் பலருக்கு மனம் ஆறாது. அப்படி அடர்ந்து நிற்கும் பயிருக்குள் காற்றும் போகாது, வெயிலும் போகாது. அதற்கு மேல் யூரியாவும் விழுந்தால் பயிர் கொழுத்துச் சாறு கூடும். தத்திக்குப் பந்தி வைத்த மாதிரித்தான். ஆகவே முழுப் பழியும் உங்களுடையது இல்லை. ஒன்றும் இல்லை என்றும் சொல்ல மாட்டேன். அந்த நேரத்தில் போடவே கூடாத ஒன்றைப் போடச் சொல்லிவிட்டீர்கள். இதை நான் மழுப்பினால் மிச்சம் எழுதுவதில் பிரயோசனம் இல்லை.

ஆனால் பிழை எந்த இடத்தில் நடந்தது என்று சரியாகப் பிடிக்க வேண்டும். எட்டு மாத உத்தியோகத்தருக்கு அறக்கொட்டியான் அடையாளம் தெரியாமல் இருந்தது பெரிய குற்றம் இல்லை. முப்பது வருசம் வயல் செய்தவர்களே மருந்துக் கடைக்குப் போய் "மஞ்சளுக்கு ஒண்டு தாங்கோ" என்று வாங்கி அடிக்கிறார்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்திய சொல் "வழியில் மறித்து" என்பது. மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கினீர்களா? இறங்கியிருந்தாலும் வரம்பு மட்டும்தான் போயிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

மஞ்சள் என்பது ஒரு வருத்தத்தின் பெயர் இல்லை. நைதரசன் குறைந்தால் அடியிலை முதலில் வெளிறும். பயிர் பழைய இலையில் இருப்பதை உருவிப் புது இலைக்குக் கொடுத்துவிடும். அதுவும் பெரும்பாலும் வயல் முழுக்க ஒரே சீராகத் தெரியும். கந்தகம் குறைந்தால் மாறி, புது இலையில் தொடங்கும். நாகம் (சிங்க்) குறைந்தால் விதைத்துச் சில கிழமைக்குள்ளேயே இலையில் துருப் பிடித்த மாதிரிப் புள்ளி வரும். வடியாத பள்ளக் காணியில் இரும்பு கூடினால் இலை செம்பு நிறத்துக்குப் போகும். இது ஒன்றும் இல்லாமல், அங்கங்கே திட்டாக, வட்டமாக மஞ்சள் என்று ஒருவர் சொன்னால், அடியில் யாரோ இருந்து குடிக்கிறார்கள் என்று சந்தேகம் வர வேண்டும்.

பார்க்கிற விதத்தையும் சொல்லிவிடுகிறேன். சப்பாத்தைக் கழற்றிவிட்டு வயலுக்குள் இறங்குங்கள். எரிந்த வட்டத்தின் நடுவில் பார்க்க வேண்டாம், அங்கே சாப்பாடு முடிந்து எல்லாம் இடம் மாறியிருக்கும். வட்டத்தின் ஓரத்தில் இன்னும் பச்சையாக நிற்கிற பயிருக்குப் போங்கள். இரண்டு கையாலும் பயிரை விலக்கி, நன்றாகக் குனிந்து, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே தண்டைப் பாருங்கள். கபில நிறத்தில் அரிசிக் குறுணல் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். தண்டைத் தட்டினால் சில தண்ணீரில் விழும், சில தண்டின் மறுபக்கத்துக்கு நழுவி ஒளியும். அப்படியே சிலந்தி எத்தனை நிற்கிறது என்றும் பாருங்கள். சிலந்தி தாராளமாக இருந்தால், தண்ணீரை வடித்துவிட்டு இரண்டொரு நாள் பொறுத்துப் பார்க்க இடம் இருக்கிறது. அவசரப்பட்டுக் கண்ட மருந்தையும் அடித்தால் முதலில் சாவது சிலந்தி. பிறகு தத்தி முன்னையதைவிடக் கூடவே வரும்.

வரம்பில் நின்றால் இதில் ஒன்றும் கண்ணில் படாது. ஆகவே அன்று நீங்கள் சொல்லியிருக்க வேண்டியது "தெரியாது" என்றுகூட இல்லை. "வாங்கோ, இறங்கிப் பாப்பம்" என்பதுதான். அந்தப் "பாப்பம்" வேறு. இப்போது நீங்கள் சொல்லித் தப்புகிற "பார்ப்பம்" வேறு.

இந்த இரண்டாவது "பார்ப்பம்" பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் வெளியிலிருந்து வந்தவர். வன்னிச் சனம் இந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்த சனம். காணி எப்ப விடுவீங்கள் என்று கேட்டால் பார்ப்பம். வீட்டுத் திட்டத்தில் பெயர் இல்லையே என்றால் பார்ப்பம். 2017 மாசியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்த அம்மாக்களுக்கும் வந்தவர் போனவர் எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். ஆகவே ஒரு உத்தியோகத்தர் வாயைத் திறந்து "பார்ப்பம்" என்றதும் எங்கள் ஆட்களுக்கு விளங்கிவிடும், இவர் இனி இந்தப் பக்கம் வரமாட்டார் என்று. நீங்கள் மறைப்பதாக நினைக்கிறீர்கள். அவர்களுக்குத் தெரியும்.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், நானும் அப்படி ஒரு பதில் சொல்லி அகப்பட்டவன்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எனக்குத் துணுக்காய்ப் பக்கம் வேலை. அப்போது பொருளாதாரத் தடை. பற்றரி, மண்ணெண்ணெய் மாதிரி யூரியாவும் வன்னிக்குள் வர விடாத சாமான். நான் படித்த புத்தகத்திலோ இத்தனையாம் கிழமை இத்தனை கிலோ யூரியா என்று அட்டவணை மட்டும்தான் இருந்தது. பயிருக்கு முப்பது நாள் இருக்கும்போது ஒரு கூட்டத்தில் ஒருவர் எழும்பி, "யூரியா இல்லை, இனி என்ன செய்யிறது?" என்று கேட்டார். எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. கூட்டெருக் குவியல் எப்படிக் கட்டுவது, எத்தனை தட்டு, எத்தனை நாளுக்கு ஒருமுறை புரட்டுவது என்று புத்தகத்தில் இருந்ததை அப்படியே ஒப்புவித்தேன். நல்லாகத்தான் சொன்னேன் போல, எல்லாரும் அமைதியாகக் கேட்டார்கள். கடைசியில் பின்வாங்கில் இருந்த ஒரு வயோதிபர் கேட்டார்: "தம்பி, எரு உக்க மூண்டு மாதம் எண்டு சொல்லுறீர். பயிர் மூண்டு மாதம் பொறுக்குமோ?"

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை.

மூன்று கிழமை அந்தக் கிராமத்துப் பக்கம் நான் போகவில்லை. நீங்கள் றோட்டை மாற்றின மாதிரித்தான். பிறகு ஒருநாள் பொழுதுபடுகிற நேரம் அந்த ஐயாவின் வீட்டுப் படலையில் போய் நின்றேன். "ஐயா, எனக்கு உண்மையா உது தெரியாது. நீங்கள் என்ன செய்யிறனீங்கள்?" என்று கேட்டேன். அவர் பாயை விரித்து இருத்தினார். விதைப்புக்கு முதலே வயலில் மாட்டுப் பட்டி அடைப்பது, ஒரு பட்டியை எத்தனை நாளைக்கு ஓரிடத்தில் விட்டு மற்ற இடத்துக்கு மாற்றுவது, பூவரசங் குழையையும் வேப்பங் குழையையும் வெட்டிச் சேற்றுக்குள் தாட்பது, எந்தக் குழை கெதியாக உக்கும், எது இழுபடும், எல்லாம் சொன்னார். இந்தப் போகத்துக்கு இனிச் செய்ய ஒன்றும் இல்லை, களையையாவது பிடுங்கினால் உள்ள பசளையைப் பயிர் எடுக்கும் என்றார். அந்த விடை கூட்டத்தில் என் வாயிலிருந்து வந்திருக்க வேண்டியது. போகும்போது படலைவரை வந்து, "அண்டைக்கே கேட்டிருந்தால் அண்டைக்கே சொல்லியிருப்பன்" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தக் கிராமத்தில் என்னை மதிக்காதவர் ஒருவரையும் நான் காணவில்லை.

இதைச் சொல்லிவிட்டு "ஆகவே எப்போதும் தெரியாது என்று சொல்லுங்கள்" என்று முடித்தால் நானும் பொதுவாக ஏதோ சொல்லிவிட்டுப் போகிற ஆளாகிவிடுவேன். வெறும் "தெரியாது" கமக்காரனுக்கு ஒரு உதவியும் இல்லை. அது அரை வசனம். மிச்ச அரை, எப்போது திரும்பி வருவீர்கள் என்பது. "எனக்குத் தெரியேல்லை அண்ணை. பரந்தன் நெல் ஆராய்ச்சி நிலையத்தில கேட்டுப்போட்டு வியாழன் பின்னேரம் வந்து சொல்லுறன்." நாள் சொல்ல வேண்டும், நேரம் சொல்ல வேண்டும். வியாழன் வந்தும் விடை கிடைக்கவில்லை என்றால் அப்போதும் போக வேண்டும். "இன்னும் அவை சொல்லேல்லை, திங்கள் திருப்பிக் கேக்கிறன்" என்று முகத்தைக் காட்டிச் சொல்ல வேண்டும். விடை இல்லாமல் போவதுதான் கஷ்டம். ஆனால் அந்த வியாழன் பின்னேரம் நீங்கள் போய் நின்றதை அந்த ஊர் பத்து வருசத்துக்கு மறக்காது.

ஒரு சி.ஆர். கொப்பி வாங்குங்கள். ஆள், கேள்வி, என்ன நாள் சொன்னேன், என்ன நாள் போனேன். நாலே நாலு கோடு. என்னிடம் அப்படிப் பதினேழு கொப்பி கிடந்தது. இடப்பெயர்வில் முதல் ஆறும் போய்விட்டன, அது வேறு கதை. மூன்று வருசம் எழுதினால் உங்கள் பிரிவில் எந்த மாதம் எந்தக் கேள்வி வரும் என்று உங்களுக்கே மனப்பாடம் ஆகிவிடும். அப்போது "தெரியாது" தானாகக் குறையும்.

தெரியாது என்று சொன்னதால் நான் தப்பிய கதையும் ஒன்று உண்டு. 2018 கடைசி, காலபோகம். வவுனியாப் பக்கம் ஒரு சோளச் சேனையில் குருத்துக்குள் முழுக்க மரத்தூள் மாதிரி எச்சம், இலையெல்லாம் வரிசையாக ஓட்டை. என்னுடைய 27 வருச அனுபவம் "தண்டு துளைப்பான், அந்த மருந்தைச் சொல்லு" என்று வாயின் நுனிவரைக்கும் வந்துவிட்டது. ஆனால் புழுவின் தலை எனக்குப் பழக்கமான தலை இல்லை. தெரியாது என்று சொல்லிவிட்டு, வீட்டுக்காரம்மாவிடம் ஒரு ஜாம் போத்தல் வாங்கி மூன்று புழுவைப் போட்டுக்கொண்டு வந்தேன். அலுவலகத்தில் திறந்தால் ஒன்றுதான் மிச்சம். மற்ற இரண்டையும் அது தின்றுவிட்டது! அதுவே ஒரு அடையாளம் என்று பிறகுதான் படித்தேன். தலையில் கவிழ்த்துப் போட்ட ஆங்கில வை எழுத்து, வால் பக்கம் சதுரமாக நாலு கறுப்புப் புள்ளி. படைப்புழு. அமெரிக்கக் கண்டத்துப் பூச்சி, 2016இல் ஆபிரிக்காவுக்கும் 2018இல் இந்தியாவுக்கும் வந்து, அதே வருசக் கடைசியில் எங்களிடமும் இறங்கியிருந்தது. அந்தக் கிழமை என்னைவிடப் படித்த பலருக்கும் அது புதிது. நான் மட்டும் அனுபவத்தை நம்பி மருந்தின் பெயர் சொல்லியிருந்தால் அந்த அம்மாவின் காசும் சோளமும் சேர்ந்து போயிருக்கும்.

இதில் இன்னொன்று இருக்கிறது. உங்களுக்குத் தெரியாதது கண்ணுக்குத் தெரியும். எங்களைப் போன்றவர்களுக்கு, ஒருகாலத்தில் சரியாகத் தெரிந்தது எப்போது பிழையாகிப் போனது என்று தெரியாது. கிளைபொசேற் என்ற களைநாசினியை எடுங்கள். 2015இல் தடை. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தளர்த்தினார்கள். 2022இல் தடையையே எடுத்தார்கள். இடையில் ஒரு வருசம் லீவில் இருந்து வந்த உத்தியோகத்தர் பழைய நினைவில் பதில் சொன்னால் கமக்காரன் மாட்டுப்படுவான். மருந்து பற்றிய கேள்விக்கு, எத்தனை வருச சேவை இருந்தாலும், பீடைநாசினிப் பதிவாளர் அலுவலகத்தின் இப்போதைய பட்டியலைப் பார்க்காமல் வாய் திறக்கக் கூடாது. மருந்து அளவும், அடித்த பிறகு எத்தனை நாளுக்குள் அறுக்கக் கூடாது என்பதும் அப்படித்தான். போத்தலில் ஒட்டியிருப்பதை அவருக்கு முன்னாலேயே எடுத்து வாசியுங்கள், வெட்கம் இல்லை. இந்த விசயத்தில் குத்துமதிப்பாகச் சொல்கிறவர்களை நான் சகித்ததே இல்லை.

அதேநேரம், ஒரே கேள்விக்கு இரண்டாவது தரமும் "தெரியாது" என்றால் அதை நான் நேர்மை என்று எடுக்க மாட்டேன், சோம்பல் என்றுதான் எடுப்பேன். நைதரசன் மஞ்சளும் தத்தி மஞ்சளும் இனி உங்களுக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது.

சனம் மதிக்குமா என்று கேட்டீர்கள். சிலர் உங்களைச் சோதிப்பார்கள், அது உண்மை. இளம் பிள்ளை, ரவுனில் இருந்து வந்தவர், பெண். ஒருவர் ஒரு பிடி புல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்து, "மிஸ், உது நெல்லோ நெற்சப்பியோ?" என்பார். அவருக்கு நல்லாகத் தெரியும். அதற்கு இலையைத் தண்டோடு சேர்கிற இடத்தில் மெல்ல விலக்கிப் பாருங்கள். நெல்லுக்கு அங்கே மெல்லிய தோலாக ஒரு சின்ன நாக்கும், பக்கத்தில் மயிரோடு காதும் இருக்கும். நெற்சப்பிக்கு நாக்கும் இல்லை, காதும் இல்லை. இது தெரிந்திருந்தால் சொல்லுங்கள். இதுபோல் தெரியாத ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினால், "தெரியேல்லை, உங்களுக்குத் தெரியும் போல கிடக்கு, சொல்லித் தாங்கோவன்" என்று சிரித்துக்கொண்டு கேளுங்கள். சோதிக்க வந்தவர் படிப்பிக்கத் தொடங்கிவிடுவார். பிறகு அவரே உங்கள் ஆள்.

ஆனால் "நீங்கள் என்ன நினைக்கிறியள்?" என்று கேட்டு, அவர் சொன்னதையே திருப்பி அவருக்குச் சிபாரிசாகச் சொல்கிற வித்தை ஒன்று எங்கள் ஆட்களிடம் இருக்கிறது. அது வேண்டாம்.

மூத்தவர் சொன்ன புத்திமதிக்கு வருவோம். அவரோடு வாதாடப் போகாதீர்கள். அவர் படித்த காலத்தில் உத்தியோகத்தர் என்றால் வெள்ளை வேட்டிக்கு ஈடு. நீங்கள் செய்ய வேண்டியது அவரிடமும் அரை வசனத்தோடு நிற்காமல் இருப்பது: "சேர், இதுக்கு விடை என்னட்ட இல்லை, பரந்தனைக் கேக்கிறன், வெள்ளிக்கிழமை உங்களுக்கும் சொல்லுறன்." இரண்டு தரம் சொன்னபடி வெள்ளிக்கிழமை போய் நின்றால் அவர் பிறகு ஒன்றும் சொல்ல மாட்டார்.

மேலே இருப்பவர்கள் தெரியாது என்று சொல்லாமல் விட்டதற்கு நாடே ஒருமுறை விலை கொடுத்தது. 2021இல் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்திவிட்டு, சேதனப் பசளை போதும் என்று கூட்டம் கூட்டமாகச் சொல்ல எங்களை அனுப்பினார்கள். ஒரு 50 கிலோ யூரியா மூட்டையில் 23 கிலோ நைதரசன். அதைக் கூட்டெருவில் எடுக்க ஒரு தொன்னுக்கு மேலே வேண்டும். ஒரு ஏக்கருக்கு அதை எங்கே எடுப்பது, எந்த லாண்ட்மாஸ்டரில் ஏற்றுவது? கேட்டார்கள். நான் இந்தமுறை கூட்டெருத் தட்டு அடுக்கவில்லை. "விளைச்சல் குறையும். எவ்வளவு குறையும் எண்டு எனக்குத் தெரியாது. உள்ளதில முதலாம் மேல்பசளையைத் தவற விடாதேங்கோ" என்றேன். கார்த்திகைக் கடைசியில் தடையை எடுத்தார்கள். பயிர் அதற்குள் வளர்ந்துவிட்டது. அந்த வருசம் எந்த வயலுக்குப் போனாலும் என்னோடு கோபித்தவர்கள் இல்லை. அரசாங்கத்தோடு கோபித்தார்கள், அது நியாயம்.

இடையில் ஒன்று. எங்கள் ஊரில் ஏஐ என்றால் அக்ரிகல்ச்சரல் இன்ஸ்ரக்டர், நீங்களும் நானும்தான். இப்போது கைத்தொலைபேசிக்குள்ளும் ஒரு ஏஐ வந்திருக்கிறது. இளம் உத்தியோகத்தர்கள் படம் எடுத்து அதனிடம் கேட்பதைக் கண்டிருக்கிறேன். கேட்கலாம். ஆனால் அதுவும் வரம்பில் நிற்கிற ஆள்தான், தண்டின் அடியை அதற்கு யாராவது குனிந்து காட்டினால்தான் உண்டு. பல நேரம் தெரியாது என்றும் சொல்லாது. திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அடித்தால் ஒரு மனிதராவது திருப்பி இரண்டு கேள்வி கேட்பார்.

சரி, அந்தக் கமக்காரர்.

யூரியாக் காசு கொடுக்க வேண்டாம். கொடுத்தால் கணக்கு முடிந்த மாதிரி ஆகிவிடும். அவருக்கும் அது மானக்கேடு, ஊருக்கும் பேச ஒரு கதை. நட்டஈடு வாங்கித் தருகிறேன் என்றும் வாக்குக் கொடுக்காதீர்கள், அது உங்கள் கையில் இல்லை. மன்னிப்பு மன்னிப்பு என்று அழுதுகொண்டும் நிற்காதீர்கள். அவர் தன் நட்டத்தை விட்டுவிட்டு உங்களை ஆறுதல்படுத்த வேண்டி வரும்.

நேரே வீட்டுக்குப் போங்கள். கூட்டத்தில் இல்லை, வழியிலும் இல்லை. தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் வட்ட விதானையாரைப் படலைவரைக்கும் கூட்டிக்கொண்டு போகலாம், பேசுவது நீங்களாக இருக்க வேண்டும். இவ்வளவு போதும்: "அண்ணை, அண்டைக்கு நான் வரம்பில நிண்டு பாத்துச் சொன்னனான். இறங்கிப் பாக்கேல்லை. எனக்கு அது என்னெண்டு தெரியாது, தெரியாமல்தான் யூரியா எண்டனான். அது பிழை." இதற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டு இருங்கள். இது கஷ்டம். அவர் ஏசலாம். ஏசட்டும். ஒன்றும் பேசாமல் வெற்றிலைத் தட்டத்தையே பார்த்துக்கொண்டிருக்கலாம், அதுவும் சரிதான். "அது என்ர விதி பிள்ளை, நீங்கள் என்ன செய்வியள்" என்றும் சொல்லக் கூடும். அந்த வசனத்தைப் பிடித்துக்கொண்டு தப்பிவிடாதீர்கள். விதி இல்லை, யூரியாவும் ஒரு காரணம் என்று திரும்பவும் சொல்லுங்கள்.

பிறகு அவரிடம் வயலைக் காட்டச் சொல்லுங்கள். எரிந்த இடத்தை மட்டும் இல்லை, எரியாமல் நின்ற இடத்தையும். எந்தப் பக்கம் முதலில் தொடங்கியது, எந்த வாய்க்கால் வழியாகத் தண்ணீர் நின்றது, எத்தனை புசல் வீசினார், முன்னைய போகம் அதே மூலையில் ஏதாவது இருந்ததா, எல்லாம் அவருக்குத் தெரியும். கொப்பியில் எழுதுங்கள். உங்கள் முதலாவது பக்கம் அதுவாக இருக்கட்டும். அடுத்த காலபோகப் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் அடர்த்தியாக விதைப்பதைப் பற்றிப் பேச உங்களுக்கு அதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது. ஆனால் அவர் பெயரைச் சொல்லாதீர்கள். உங்கள் பெயரைச் சொல்லுங்கள்: "போன போகம் நான் ஒரு வயலில பிழையாச் சொன்னனான்" என்று தொடங்கினால் பின்வாங்கில் இருப்பவர்களும் நிமிர்ந்து இருப்பார்கள்.

கடிதத்தில் உள்ள நாளைப் பார்த்தால் உங்கள் பக்கத்தில் வெட்டுத் தொடங்க இன்னும் இரண்டு கிழமைகூட இல்லை. வெட்டு மெசின் இறங்கினால் எரிந்த வட்டமும் எரியாத இடமும் ஒன்றாகிப் போய்விடும், பிறகு காட்ட ஒன்றும் இருக்காது. இந்தச் சனிக்கிழமையே போங்கள். காலமையில், வெயில் ஏற முதல். அந்த றோட்டாலேயே போங்கள்.